1812ஆம் ஆண்டுப் போரும் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனும்
— வரலாற்றெழுத்து பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றையோ ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றையோ எழுதப் புகுவோர் எவரும் அமெரிக்க மிஷனைக் குறிப்பிடாது செல்வதில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் பெண்பாடசாலை, மானிப்பாய் அச்சுக்கூடம், ‘உதயதாரகை’, வைத்தியர் கிறீனின் தமிழ் மருத்துவ நூல்கள் என அப்பட்டியல் நீளும். ஆயின், அமெரிக்கர் இக்குடாநாட்டுக்கு ஏன் வந்தனர், ஏன் அவ்வாண்டில் வந்தனர், வந்தபின் எத்தகைய நிலையில் இங்கு வாழ்ந்தனர் என்னும் வினாக்களுக்கு நம் நூல்கள் தரும் விடைகள் போதியனவல்ல. 1816இல் அவர்கள் வந்திறங்கினர் என்ற ஒரு வாக்கியத்துடன் அவை அமைந்துவிடுகின்றன.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே ஒரு போர் உள்ளது. 1812 யூன் 18ஆந் தேதி ஐக்கிய அமெரிக்கா பிரித்தானியாமீது போர்ப் பிரகடனஞ் செய்தது. சுதந்திரம் பெற்று முப்பது ஆண்டுகளே கழிந்த ஓர் இளங்குடியரசு, தன் பழைய எசமானருடன் இரண்டாம் முறை பொருதிய போர் அது. நெப்போலியனுடன் போராடிய பிரித்தானியா அமெரிக்கரின் கடல்வாணிபத்தைத் தடுத்தமை, அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைத் தன் கடற்படைக்கு வலிந்து பிடித்தமை, மேற்கு எல்லைப்புற நிலங்கள் பற்றிய பிணக்கு என்பன அதன் காரணங்கள். 1814 டிசெம்பர் 24இல் கென்ற் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கை அதனை முடித்துவைத்தது. கனடா எல்லையிலும் அத்திலாந்திக் கரையிலும் நடந்த இப்போருக்கும் தெல்லிப்பழைக்கும் யாது தொடர்பு என வினவுதல் இயல்பே. அத்தொடர்பைச் சரியாக அளந்து கூறுவதும், அதனைக் கூறாதுவிட்டமையால் நம் வரலாற்றெழுத்தில் நேர்ந்த குறைகளைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

2

அளந்து கூறுதல் என்றமைக்குக் காரணம் உண்டு. இத்தொடர்பை அறவே மறந்தவர் ஒருபுறமிருக்க, அதனை மிகைப்படுத்துவோரும் உளர். போர் மூண்டமையாலேயே அமெரிக்கப் பாதிரிமார் இந்தியாவினின்றும் துரத்தப்பட்டனர் என்பது மிஷன் சார்பான சுருக்க வரலாறுகளில் அடிக்கடி காணப்படும் கூற்று. காலக்கிரமத்தை நோக்குமிடத்து இது முழுமையும் பொருந்தாமை புலனாகும்.

பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்டு 1810இல் தோன்றிய அமெரிக்க மிஷன் ஆணையாளர் சபை தன் முதற் குழுவினரை 1812 பெப்ருவரியில் அனுப்பியது. அடோனிறாம் ஜட்சன், சாமுவேல் நியூவல் ஆகிய இருவரும் தத்தம் மனைவியருடன் ‘கரவன்’ என்னும் கப்பலிற் சேலம் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு யூன் 17இற் கல்கத்தாவை அடைந்தனர். அவர்கள் அங்கு சேர்ந்த மறுநாளே வாஷிங்டனிற் போர் பிரகடனமாயிற்று. கோர்டன் ஹோல், சாமுவேல் நொற் முதலானோர் மற்றொரு கப்பலில் ஓகஸ்ற் மாதத்தில் வந்து சேர்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பனி முதல்வந்தோரை நாட்டைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டது சில வாரங்களுக்குள்ளேயே ஆகும். கடற்செய்தி மாதக்கணக்கிற் பயணஞ் செய்த அக்காலத்தில், போர்ச்செய்தி கல்கத்தாவுக்கு எட்டுமுன்னரே இக்கட்டளை பிறந்துவிட்டது.

ஆகவே முதல் வெளியேற்றத்தின் காரணத்தை வேறிடத்திலே தேடல் வேண்டும். 1806 யூலை 10ஆந் தேதி வேலூர்க் கோட்டையிற் கம்பனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையும் சமயக் குறிகளை விலக்கும் விதிகளும் அதற்கு உடனடிக் காரணங்களாயின. சமயத்திற் கைவைத்தால் ஆட்சி ஆட்டங்காணும் என்னும் பாடத்தைக் கம்பனியார் அதிலிருந்து கற்றுக்கொண்டனர். அதன்பின் தம் எல்லைக்குள் மிஷனரிமார் நுழைவதை அவர்கள் பெரிதும் ஐயுற்றனர். இங்கிலாந்திலிருந்து வந்தோரும் இதற்கு விலக்கல்லர். எனவே நியூவல் தம்பதியரைக் கல்கத்தாவினின்றும் வெளியேற்றிய சக்திகளுள் வேலூர்ச் சிப்பாய்களின் கலகத்தையும் ஒன்றாக எண்ணுதல் தவறாகாது. தமிழ்நாட்டு மண்ணில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, பத்து ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் தோன்றுதற்கு வழிகோலிய காரணங்களுள் இடம்பெறுகின்றது. இவ்வுண்மை நம் நூல்களிற் போதிய கவனம் பெறவில்லை.

போரின் தாக்கம் இதற்கு அடுத்த கட்டத்திலேயே தெளிவாகின்றது. 1813இன் தொடக்கத்தில் ஹோலும் நொற்றும் பம்பாயை அடைந்தபோது போர்ச்செய்தியும் வந்துவிட்டது. இப்பொழுது அவர்கள் வேண்டப்படாத பாதிரிமார் மாத்திரமல்லர், பகைநாட்டுக் குடிகளுமாவர். அவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பும் ஏற்பாடுகள் நடந்தன. அவர்கள் கொச்சிவரை சென்று மீட்டுக் கொணரப்பட்டனர். ஆளுநர் எவான் நெப்பியனின் தனிப்பட்ட பரிவும், 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தால் மாறிய கொள்கையுமே ஈற்றில் அவர்களை அங்கு தங்கவிட்டன. வேலூர் வகுத்த தடையை வாஷிங்டன் மேலும் இறுக்கியது எனச் சுருங்கக் கூறலாம்.

3

கல்கத்தாவினின்றும் நீங்கிய நியூவலின் கதை யாழ்ப்பாணத்தோடு நேரடித் தொடர்புடையது. அவரும் மனைவி ஹரியற்றும் 1810இற் பிரித்தானியர் வசமாகியிருந்த மொறீசியஸ் தீவுக்குச் சென்றனர். கடற்பயணத்திற் பிறந்த குழந்தை இறந்தது. 1812 நவெம்பர் 30இல் ஹரியற்றும் தமது பத்தொன்பதாம் வயதிற் போர்ட் லூயிஸ் நகரில் இறந்தார். அவருடைய குறிப்பேடும் கடிதங்களும் அமெரிக்காவில் நூலாக வெளிவந்து பெருந்தொகையான வாசகரைப் பெற்றன. தனித்துவிடப்பட்ட நியூவல் 1813இல் இலங்கைக்கு வந்தார்.

இலங்கை கம்பனியின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. 1802 முதல் முடிக்குரிய குடியேற்றநாடாக இருந்தது. கம்பனி வேலூரிற் கற்ற பாடம் இத்தீவின் ஆட்சியாளரை அவ்வளவாகக் கட்டுப்படுத்தவில்லை. தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக், பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் ஆகியோர் மிஷன் பணிக்கு ஆதரவானவர்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, பகைநாட்டவரான நியூவல் ஏறக்குறையப் பத்து மாதங்கள் இங்கு தங்கினார். யாழ்ப்பாணத்தையுஞ் சென்று கண்டார். தமிழ் பேசும் இந்நிலப்பகுதியில் மிஷன் அமைத்தால் தென்னிந்தியாவுக்கும் அது வாயிலாகும் என்பது அவரது கருத்து. 1814இல் அவர் பம்பாய் சென்று தம் நண்பருடன் இணைந்தாரெனினும், யாழ்ப்பாணம் பற்றி அவர் எழுதியவை பொஸ்ரனில் நிலைத்துவிட்டன.

எனினும் அக்கருத்தைச் செயலாக்கப் போர் இடந்தரவில்லை. 1814இற் பிரித்தானியக் கடற்படையின் முற்றுகை நியூ இங்கிலாந்துக் கரை முழுவதற்கும் விரிந்தது. அவ்வாண்டு ஓகஸ்றில் வாஷிங்டன் நகரம் தீக்கிரையாயிற்று. 1815இன் தொடக்கத்தில் உடன்படிக்கை அமெரிக்காவால் ஏற்றுக்கொள்ளப்பட்டபின்னரே கடல் திறந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 23இல் நியூபெரிபோர்ட் துறையினின்றும் ‘டிறையட்’ என்னும் கப்பல் புறப்பட்டது. டானியல் பூவர், எட்வேட் வாறன், ஜேம்ஸ் றிச்சேட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலானோர் அதில் வந்தனர். 1816 மார்ச்சிற் கொழும்பை அடைந்த அவர்களுட் பூவரும் வாறனும் அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையில் அமர்ந்தனர். றிச்சேட்சும் மெய்க்சும் வட்டுக்கோட்டைக்கு உரியோராயினர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தேவாலயக் கட்டடங்களே இரு நிலையங்களுக்கும் அடித்தளமாயின.

இப்போர் செய்தியின் தாமதத்தால் ஆன போர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அமெரிக்கரைச் சினமூட்டிய கடல்வாணிபக் கட்டளைகளைப் போர்ப் பிரகடனமான சில நாட்களுள் பிரித்தானியா மீட்டுக்கொண்டது. அச்செய்தி அமெரிக்காவை அடையுமுன் போர் தொடங்கிவிட்டது. கென்ற் உடன்படிக்கை கைச்சாத்தானபின் நியூ ஓர்லியன்சிற் பெருஞ்சமர் நடந்தது. அப்போரின் இறுதிக் கடற்சண்டை நிகழ்ந்ததும் நம் சமுத்திரத்தின் கீழ்த்திசை வாயிலிலேயாம். 1815 யூன் 30இற் சுந்தா நீரிணையில் ‘பீகொக்’ என்னும் அமெரிக்கக் கப்பல் கம்பனியின் ‘நோட்டிலஸ்’ கப்பலைத் தாக்கியது. சமாதானமாகிவிட்டது என்று எதிர்க் கப்பலார் கூறியும் அமெரிக்கத் தலைவர் நம்பவில்லை. இது நடந்து நான்கு மாதங்களுக்குள் ‘டிறையட்’ பாய்விரித்தது. யாழ்ப்பாணம் வந்த முதல் அமெரிக்கரைப் பிரித்தானிய அதிகாரிகள் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை ஊகித்தற்கு இக்கால நெருக்கமே போதும்.

4

சமாதானம் ஏற்பட்டபின் ஐயம் நீங்கிற்றா என்பதே அடுத்த வினா. பிறவுண்றிக்கின் காலத்தில் அது வெளிப்படவில்லை. 1819–20இல் மைரன் வின்சுலோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி வூட்வேட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோரும் தடையின்றி வந்து சேர்ந்தனர். ஆயின் 1820இல் ஜேம்ஸ் கரற் என்னும் அச்சுத்தொழிலாளர் வந்தபோது, அப்பொழுது ஆட்சிப்பொறுப்பில் இருந்த எட்வேட் பாண்ஸ் அவரை மூன்று மாதங்களுள் தீவைவிட்டு நீங்குமாறு பணித்தார். புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதும் தடைப்பட்டது. கரற் பம்பாய்க்குச் சென்று அங்கு அச்சுப்பணி புரிந்தார். அமெரிக்கருக்கென வந்த அச்சியந்திரம் ஆங்கிலத் திருச்சபை மிஷனாரின் நல்லூர் நிலையத்தில் இயங்கியது. தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டன் காலத்தில், 1833இலேயே இத்தடை நீங்கிற்று.

பாண்ஸ் அவ்வாறு செய்தமைக்கு 1812ஆம் ஆண்டுப் போரே காரணம் எனத் துணிந்து கூறல் முறையன்று. பிரித்தானிய மிஷன்களே போதுமானவை, அந்நியர் தேவையில்லை என்னும் கொள்கையும் அதற்கு இடந்தந்திருக்கலாம். ஆயின் அந்நியர் என்ற சொல்லுக்கு அக்காலத்திற் பொருள் தந்தது எது? அமெரிக்கர் பேசிய மொழி ஆங்கிலம், சமயம் புரட்டஸ்தாந்தம், மூதாதையர் பலர் இங்கிலாந்தினர். மொழியாலும் சமயத்தாலும் அந்நியராகாத அவர்களை அந்நியராக்கியது அரசியல் ஒன்றே. அவ்வரசியற் பிரிவினை இருமுறை போரினால் உறுதிப்பட்டது. பாதிரிமாரை அனுமதித்த ஆட்சி, அச்சுத்தொழிலாளருக்கு இடந்தராமையும் ஊன்றி நோக்கத்தக்கது. குடியரசு நாட்டவர் கையில் அச்சியந்திரம் இருப்பதை ஒரு குடியேற்றநாட்டு அரசு விரும்பாமை வியப்புக்குரியதன்று.

இத்தடையின் விளைவுகள் பதின்மூன்று ஆண்டுக் காலம் நீடித்தன. வாறன் 1818இல் இறந்தார். றிச்சேட்ஸ் 1822இல் இறந்தார். அதன்பின் அறுவரே எஞ்சினர். அவ்வறுவரைக் கொண்டே குடாநாட்டின் ஐந்து நிலையங்களும் அவற்றைச் சூழ்ந்த கிராமப் பாடசாலைகளும் நடைபெறவேண்டியிருந்தன. ஆள்வரவு அடைபட்ட இக்காலப்பகுதியிலேதான் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1824இல் உடுவில் பெண்பாடசாலை தோன்றியது. உள்ளூர் இளைஞரை உயர்கல்வியளித்து ஆசிரியராகவும் உதவியாளராகவும் ஆக்குதல் மிஷனின் கொள்கை மாத்திரமன்று, அதன் தேவையுமாயிருந்தது எனக் கொள்ள இடமுண்டு. கபிரியேல் திசேரா போன்றோர் செமினரியில் ஆசிரியராக விளங்கினர். பின்னர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் யாழ்ப்பாணத் தமிழர் 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’க்கு ஆசிரியராயினர். கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இவ்வளர்ச்சி முழுவதையும் தடையின் பயனாகக் கூறுவது மிகை. ஆயின் தடையை அறியாது அவ்வளர்ச்சியின் வேகத்தை விளக்குவதும் அரிது.

5

இவ்வுண்மைகளை மனங்கொண்டு நம் வரலாற்றெழுத்தின் இருபெரும் போக்குகளை மதிப்பிடலாம்.

மிஷன் சார்பான வரலாறுகள் எல்லாவற்றையும் தெய்வ சித்தமாகக் கண்டன. ஹரியற்றின் மரணமும் நியூவலின் வருகையும் முன்னரே வகுக்கப்பட்ட வழியின் படிகளாக அங்கு தோற்றுகின்றன. பக்திநோக்கில் அது இயல்பே. ஆயின் வரலாற்று நோக்கில், அந்நோக்கு வேலூரையும் வாஷிங்டனையும் கென்றையும் மறைத்துவிடுகிறது. மனிதர் செய்த போர்களும் மனிதர் இட்ட தடைகளும் வெறும் தடங்கல்களாகச் சுருங்குகின்றன. தமிழ் உதவியாளரும் நன்றியுள்ள மாணவராக மாத்திரம் நிற்கின்றனர். மிஷன் அவர்களைச் சார்ந்து நின்றமை தெரிவதில்லை.

சைவ மறுமலர்ச்சி வழியிலும் பின்னர்த் தேசிய இயக்க வழியிலும் எழுந்த எழுத்துகள் மறுதலையான குறையை உடையன. அவற்றுக்குப் பாதிரியும் தேசாதிபதியும் ஒருவரே. மிஷன், ஆட்சியின் கையாள். 1842இல் வண்ணார்பண்ணையிற் கூடிய சைவர்களுக்கும், 1848இல் அங்கு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலருக்கும் அவ்வாறு காண நியாயம் இருந்தது. மதமாற்றத்தின் அழுத்தத்தை அவர்கள் நேரிற் கண்டவர்கள். ஆயின் ஆய்வாளன் அக்காட்சியோடு நின்றுவிடலாகாது. 1820 முதல் 1833 வரை அமெரிக்க மிஷன் ஆட்சியின் கையாளாகவன்றி, ஆட்சியாற் கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பாகவே இருந்தது. 1850இல் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் ரெனன்ற், இலங்கையிற் கிறித்தவம் பற்றிய தமது நூலில் வட்டுக்கோட்டைச் செமினரியைப் பெரிதும் பாராட்டி எழுதினார். ஒரே ஆட்சி முப்பதாண்டில் வெளியேற்றத்திலிருந்து பாராட்டுக்கு மாறியது. இம்மாற்றத்தை விளக்க, ‘ஏகாதிபத்தியம்’ என்னும் ஒற்றைச் சொல் போதாது.

செமினரியின் முடிவும் இதனையே உணர்த்தும். அதனை 1855இல் மூடச்செய்தது பிரித்தானிய அரசன்று. பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவே அதற்குக் காரணம். ஆங்கிலக் கல்வி ஊழியர்களை உருவாக்குகிறதேயன்றி ஊழியக்காரரை உருவாக்கவில்லை என்பது அவர்தம் கணிப்பு. அக்கல்வியை மீண்டும் வேண்டி நின்றோர் யாழ்ப்பாணத்தவரே; அவ்வேட்கையின் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. இங்கு செயற்பட்ட சக்தி பிரித்தானியாவுமன்று, அமெரிக்காவுமன்று.

6

அமெரிக்கர் பிரித்தானியரின் பகைவராயிருந்தனர், ஆகவே அவர்கள் குடியேற்றவாதத்துக்குப் புறம்பானவர்கள் என்று யாரேனும் முடிவுகட்டுவராயின் அதுவும் பிழையாகும். அதே போரின் மறுபக்கத்தை நோக்குதல் வேண்டும்.

1812ஆம் ஆண்டுப் போரில் மெய்யாகத் தோற்றவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். பல குலங்களை ஒன்றுபடுத்த முனைந்த ரெக்கும்சே 1813 ஒக்டோபர் 5இற் களத்தில் வீழ்ந்தார். செறோக்கியர் அன்று ஜக்சனின் பக்கத்தில் நின்று 1814இற் போர் புரிந்தனர். அவர்களிடையே பொஸ்ரன் சபை 1817இற் பிறெயினேட் என்னுமிடத்தில் மிஷன் நிறுவியது. தெல்லிப்பழையில் நிறுவி ஓராண்டே கழிந்த காலம். அங்கும் பாடசாலை; 1828இல் அங்கும் இருமொழிப் பத்திரிகை. ஆயின் 1830இல் அதே ஜக்சன் சனாதிபதியாகிப் பழங்குடியினரை வெளியேற்றும் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதனை எதிர்த்து நின்ற சாமுவேல் வூஸ்ரர் என்னும் மிஷனரி சிறைப்பட்டார். 1832இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் 1838இற் செறோக்கியர் தம் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியில் மடிந்தனர்.

ஒரே சபை, ஒரே காலம், ஒரே கல்விக் கொள்கை. இருந்தும் செறோக்கியரின் பாடசாலைகள் அவர்தம் நிலத்துடன் பறிபோயின. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் நிலைத்தன. இவ்வேறுபாட்டை மிஷனரிமாரின் நற்குணத்தால் விளக்கமுடியாது. செறோக்கியர் நிலத்தை விரும்பிய அரசு மிஷனரிமாரின் சொந்த அரசு. அந்நிலத்திற் குடியேற அவர்தம் நாட்டவர் காத்திருந்தனர். யாழ்ப்பாணத்திலோ அமெரிக்கருக்கு அரசுமில்லை, படையுமில்லை, குடியேறுவோருமில்லை. 1812ஆம் ஆண்டுப் போரின் எச்சமான அந்த ஐயப்பாட்டு நிலையே அவர்கள் கையிற் பள்ளிக்கூடத்தையன்றி வேறொன்றும் இல்லாதபடி செய்தது. அவர்களது அதிகாரமின்மையே நமக்கு நன்மையாயிற்று எனல் கடுங்கூற்றாகத் தோன்றலாம். எனினும் ஒப்புநோக்கு அம்முடிவையே தருகின்றது.

7

இவ்வாய்வு மேலுந் தொடரவேண்டுமாயின் மூலங்களை நாடல் வேண்டும். இவ்விடத்தில் நமது நிலை வருந்தத்தக்கது. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. மிஷன் சபையின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து ஹோற்றன் நூலகத்திற் பேணப்படுகின்றன. நம் ஊர்ப் பாடசாலைகளின் வரலாற்றை அறிய, அப்பாடசாலைகளைத் தோற்றுவித்தோரின் கண்வழியே நாம் பார்க்கவேண்டியுளது. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் எஞ்சிய பழம் பிரசுரங்களைத் திரட்டிவருவது ஆறுதல் தருவது. ஆயினும் குடும்பங்களிடம் உள்ள பழைய கையெழுத்துப் பிரதிகள், சபைப் பதிவேடுகள், கோயிற் கணக்குகள் என்பன தேடித் தொகுக்கப்படவேண்டும். பொஸ்ரனுக்கு எழுதப்பட்ட கடிதங்களுக்கு எதிர்ச்சான்றாக நிற்கக்கூடியவை அவையே.

அவ்வாறு தேடுவோர் ஒரு நெறியை மனங்கொள்வது நன்று. யாழ்ப்பாண வரலாறு யாழ்ப்பாணத்துள் மட்டும் நிகழ்ந்ததன்று. இலண்டனிலோ பொஸ்ரனிலோ மட்டும் தீர்மானிக்கப்பட்டதுமன்று. வேலூரிற் கிளர்ந்த சிப்பாய்களும், சுந்தா நீரிணையில் அமைதிச் செய்தியை நம்பாத கப்பற்றலைவரும், கொழும்பில் அச்சுத்தொழிலாளரைத் துரத்திய தேசாதிபதியும், தமக்குக் கல்வி வேண்டும் என்று விடாது கேட்ட குடாநாட்டு மக்களும் அவ்வரலாற்றிற் பங்குடையர். இவர்களுள் ஒருவரை மாத்திரம் காரணராக்கி மற்றையோரை மறப்பது வரலாறாகாது. சிறப்பாக, இறுதியிற் கூறப்பட்டோரை மறத்தல் நம் வரலாற்றை நாமே பிறர்க்குக் கொடுத்துவிடுவதாகும்.